முத்துப்பேச்சி காலி செய்ய மறுத்த பை

அளவு விஷயத்தில் முத்துப்பேச்சியிடம் விளையாட முடியாது. கீரனூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் 1968 ஜூன் நான்காம் தேதி பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் ஊர்ப் பால் சங்கத்தில் பால் அளந்து ஊற்றினார். அங்கே ஐம்பது மில்லி குறைந்தாலும் மாட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். சண்டை சங்கத் தலைவர் வீட்டு வாசல் வரைக்கும் போகும். நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து, கோட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, எழுதுகிறவர் எழுதி முடித்த பிறகுதான் கேனில் கவிழ்க்க வேண்டும். அந்த ஒழுங்கு அவர் கையில் ஊறிவிட்டது.

2006 மார்ச் இரண்டாம் தேதி, திண்டுக்கல்லில் அறுபது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருஷத்தில் கணவர் இறந்தார். மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது இந்த வேலையை வைத்துத்தான். காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை இரண்டாம் மாடி அவர் பொறுப்பு. தரை துடைப்பது, கழிப்பறை கழுவுவது, பெட்பேன் வைத்து எடுப்பது, இவற்றோடு சிறுநீர்ப் பைகளைக் காலி செய்வது. எழுந்து போக முடியாத நோயாளிகளுக்குக் குழாய் மாட்டியிருப்பார்கள். சிறுநீர் கட்டிலோரம் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்து சேரும். பையில் கோடு கோடாக எண் அச்சிட்டிருக்கும்.

சேர்ந்த காலத்தில், பையைக் கவிழ்க்கும் முன் அளவைப் பார்த்து நர்ஸிடம் சொல்வார். நர்ஸ் அட்டையில் எழுதுவார். அந்த வழக்கம் நின்றது 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில். முப்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்று ஆனது. "நீங்க ஊத்திருங்கக்கா, நான் எழுதிக்கிறேன்" என்றார்கள். கொரோனா போய்விட்டது. முப்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது மட்டும் போகவில்லை. ஊற்றுகிறவர் ஊற்றினார், எழுதுகிறவர் எழுதினார். இரண்டுக்கும் சம்பந்தம் அறுந்து போனது. மாட்டுப் பாலுக்கு ஆறு கண் காவல் இருந்தது, மனுஷ உடம்புக்கு ஒரு கண்கூட இல்லையே என்று முத்துப்பேச்சிக்கு வயிறு எரியும். எரிந்து என்ன? யாரிடம் சொல்வது?

இன்னொன்றையும் அவர் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவந்தார். வயதானவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டே வந்து படுப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆளே மாறிப்போவார்கள். சிலர் கத்துவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள், செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார்கள். அவர்கள் கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். வேறு சிலர் சத்தமே போடமாட்டார்கள். ஊட்டிய சோறு வாயிலேயே இருக்கும். கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ நிற்கும். "தங்கமான ஆளு, தொந்தரவே இல்ல" என்று இவர்களுக்குப் பாராட்டு வேறு! துப்புரவுப் பெண்கள் மட்டும் தங்களுக்குள் "ஆள் அமுங்கிருச்சு" என்று சொல்லிக்கொள்வார்கள். அப்படி அமுங்கியவர்கள் பலபேர் தங்கள் காலால் நடந்து வீடு போனதில்லை. ஆனால் வாளி தூக்குகிறவள் கண்டுபிடித்துச் சொன்னால் மருத்துவம் என்னாவது? அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

வடமதுரை சடையாண்டி வந்து சேர்ந்தது 2024 ஜூலை 18, வியாழக்கிழமை. ஆடி பிறந்த மறுநாள். வயது எழுபத்தெட்டு. மூன்று ஏக்கரில் தக்காளியும் கத்தரியும் போட்டிருந்தார். மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பதினொன்றாம் படுக்கை. துணைக்கு அவர் மகள் கௌசல்யா, நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர், ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை காலை முத்துப்பேச்சி கட்டிலுக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏ வாளிக்காரி! தொடைக்கிறியா, மடையத் தெறந்து விடுறியா? இம்புட்டுத் தண்ணி நின்னா நாத்து நட்டுரலாம் போலருக்கே."

"நடுங்க அப்பு. வெளைஞ்சா எனக்கு ஒரு மூட்டை."

"என்னது?"

"ஒரு மூட்டைன்னேன்!"

"மூட்டையா? வேலைக்கு ஆள் வராத காலத்துல நீயாச்சும் வந்து நடு, அப்பறம் மூட்டையப் பாப்போம்."

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். பெரியவருக்குக் காது கேட்கவில்லை என்று முத்துப்பேச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. மகளைக் கேட்டார்.

"காது மிசின் இருக்குதுங்க. ஆபரேசனுக்கு முன்னால கண்ணாடி, மிசினு, பல்செட்டு எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க. துண்டுல சுத்தி வீட்டுக்கு அனுப்பிட்டேனுங்க. இங்க வச்சிருந்தா களவு போயிருமில்லைங்க."

"மும்முன கரண்டு ஒம்பது மணிக்கு வரும்" என்றார் பெரியவர், இவர்கள் பேச்சைக் கேட்காமல். "பயலுக்குப் போனப் போட்டு மோட்டாரப் போடச் சொல்லு. கெழக்க உள்ள நாலு பாத்திக்குத்தான் மொதல்ல. மறந்துட்டு மேற்க பாய்ச்சிறப் போறான்."

அவ்வளவு தெளிவாக இருந்த ஆள். அன்று சாயங்காலம் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துவிட்டார்கள், வாய்வழி சாப்பிடலாம் என்று. தூக்கம் வரவில்லை என்று முனகியதற்கு ஒரு மாத்திரை சேர்த்தார்கள். ஞாயிறு முத்துப்பேச்சிக்கு வார விடுமுறை.

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு வாளியோடு வந்தவர், வேண்டுமென்றே பதினொன்றாம் படுக்கைக்கடியில் தண்ணீரைத் தளும்ப விட்டார். மேலே சத்தமில்லை.

"என்ன அப்பு, மடையத் தெறந்துட்டேன். ஏச மாட்டீகளா?"

சடையாண்டியின் கண் மெதுவாகத் திரும்பியது. முத்துப்பேச்சியைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. "வண்டி வந்துருச்சா" என்றார் ஈனக் குரலில். பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்துல இருந்து நல்லாத் தூங்கறாருங்க" என்றார் கௌசல்யா. மூன்று நாள் தூங்காத முகத்தில் ஒரு நிம்மதி.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் பவித்ராவும் சிரித்தார். "பதினொண்ணுதான்க்கா இந்த ஃப்ளோர்லயே பெஸ்ட் பேஷண்ட். ஒரு பெல் அடிக்கல."

முத்துப்பேச்சி குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்தார். கடுந்தேநீர் நிறம். இருநூறு மில்லிகூட இல்லை. கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தார். எழுத்து தடுமாறினாலும் எண் அவருக்குத் தடுமாறாது. சனிக்கிழமை 1,400. ஞாயிற்றுக்கிழமை 1,400. அச்சடித்ததுபோல இருந்தது. எந்த மனிதன் இரண்டு நாளும் மில்லி பிசகாமல் ஒரே அளவு ஒன்றுக்குப் போவான்? அதுவும் குடிக்காமல்? கட்டிலருகே மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"தண்ணி குடுக்கலையா தாயி?"

"ஐயோ, குடுக்கக் கூடாதுங்க! ஆபரேசன் பண்ணுன ஒடம்புல தண்ணி சேந்தா புண்ணு சீழ் புடிச்சிருமாமா. எங்கத்தை போனுல திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மாத்திரைக்கு மட்டும் ரெண்டு மடக்குங்க."

முத்துப்பேச்சியால் கோபப்பட முடியவில்லை. 2013இல் மகளின் சிசேரியனுக்குப் பிறகு அதே தப்பை அவரும் செய்திருக்கிறார். அப்போது ஒரு டாக்டரம்மா பிடிபிடி என்று பிடித்தார். இங்கே பிடிக்க யாருமில்லை. குளுக்கோஸ் பாட்டிலை நிறுத்தியாயிற்று என்று சொன்னவர்கள், இனி எவ்வளவு குடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அட்டையில் மட்டும் "வாய்வழி 1,500" என்று எழுதியிருந்தது. யார் வாய், எந்த வழி?

பவித்ராவிடம் சொன்னார். பவித்ரா கெட்ட பெண் அல்ல. இருபத்தி மூன்று வயது, முப்பது படுக்கை, நின்ற இடத்தில் டீ குடிக்க நேரமில்லாதவர். "வயசானவங்க ஆபரேஷனுக்கு அப்பறம் அப்படித்தான்க்கா இருப்பாங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார்.

ஒன்பது நாற்பதுக்கு டியூட்டி டாக்டர் ஃபாயிஸா ரவுண்ட்ஸ் வந்தார். அட்டையைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், "ஸ்டேபிள். வியாழக்கிழமை டிஸ்சார்ஜ்" என்றார். சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் ஒரு சுற்று முடிப்பதற்குள் பன்னிரண்டாம் படுக்கைக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லி சடையாண்டியின் கன்னத்திலேயே ஒதுங்கிக் கிடந்தது. மகளைப் பார்த்து, "நீ யாரு தாயி, எந்த ஊரு?" என்றார். கௌசல்யா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பார்க்க வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னார்: "வயசாயிருச்சுல்ல. புத்தி பேதலிச்சிருச்சு. இனிமே இப்புடித்தான். வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சுக்க வேண்டியதுதான்."

சனிக்கிழமைவரை நாலு பாத்திக்குக் கணக்கு வைத்த மனிதருக்கு, முழுதாக இரண்டு நாளில் முதுமை வந்துவிட்டதாம். வியாழக்கிழமை இவரை இப்படியே வண்டியில் ஏற்றிவிட்டால் மறுபடி எழுந்திருக்கமாட்டார் என்று முத்துப்பேச்சிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இன்னும் ஒரு ரவுண்ட்ஸ்தான் பாக்கி.

பிற்பகல் ஒன்றரைக்குப் பையைச் சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்தார். ஒரு துண்டு பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டி, "செவ்வாய் 1.30. 0" என்று பேனாவால் எழுதினார். சாயங்கால வேலைக்கு வந்த சைதூனைக் கூப்பிட்டார்.

"ஏ சைதூனு, பதினொண்ணுப் பையத் தொடாத. ராத்திரிக்கு வாரவள்ட்டயும் சொல்லிரு. நெறைஞ்சா மட்டும் ஊத்துங்க."

சைதூன் எட்டிப் பார்த்தார். "நெறையுமாக்கும்! ஆள் அமுங்கிருச்சு போலயே."

"அதான் சொல்றேன்."

"ஒனக்கு எதுக்குக்கா வம்பு? சூப்பர்வைசர் அழகரு கத்துவாரு."

"கத்தட்டும்."

புதன்கிழமை, ஜூலை 24. காலை ஆறு பத்துக்குப் பை அப்படியே தொங்கியது. முத்துப்பேச்சி குந்தி உட்கார்ந்து கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். 240. பதினாறு மணி நாற்பது நிமிஷத்தில் இருநூற்று நாற்பது மில்லி. அட்டையில் சாயங்காலத்துக்கு 500, ராத்திரிக்கு 600. மொத்தம் ஆயிரத்து நூறு. காலியே செய்யாத பையிலிருந்து ஆயிரத்து நூறு மில்லி எழுந்துபோய்த் தாளில் உட்கார்ந்திருந்தது!

ஏழு மணிக்கு பவித்ரா, "அக்கா, பதினொண்ணு ஊத்தலையா?" என்றார்.

"ஊத்த மாட்டேன் சிஸ்டர். டாக்டர் வந்து பாக்கட்டும்."

பவித்ரா பையைப் பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அக்கா, ப்ளீஸ். நைட் சிஸ்டர் எழுதினது, என்னையும் சேத்து மாட்டிவிட்ருவாங்க."

"நான் யாரையும் மாட்டிவிடல தாயி. ஒரு மனுசன் உள்ள காஞ்சு கெடக்காரு."

ஏழு ஐம்பதுக்குத் துப்புரவு சூப்பர்வைசர் அழகர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, என்ன இது? மூத்திரத்தக் காவல் காக்கத்தான் ஒனக்குச் சம்பளமா?"

"ஒரு நாளாச்சும் யாராவது காக்கணும்ல."

"வாய் நீளுது. வெளிய நாலு பேரு இதே வேலைக்கு நிக்கிறாக, தெரியும்ல?"

"நாலு பேரையும் கூட்டியாங்க. ஒவ்வொருத்தியா இந்தக் கோட்டப் பாத்து வாசிக்கட்டும். எவளாச்சும் ஆயிரத்து நூறுன்னு சொன்னா நான் இப்பவே எறங்கிப் போயிர்றேன்."

அழகர் கையை நீட்டினார். முத்துப்பேச்சி துடைப்பானைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கட்டிலை ஒட்டி நின்றார். கௌசல்யா ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் அழகர் கையை இழுத்துக்கொண்டார். "டாக்டர் வரட்டும், அவங்க வாயாலயே வாங்கிக் கட்டிக்க" என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முத்துப்பேச்சி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மற்ற படுக்கைகளுக்கடியில் தரை காய்ந்தே கிடந்தது.

டாக்டர் ஃபாயிஸா வழக்கம்போல முதலில் அட்டையைத்தான் எடுத்தார். "அவுட்புட் ஓகே..."

"டாக்டரம்மா, அந்த அட்டையச் செத்த நேரம் கீழ வச்சுட்டு இந்தப் பையப் பாருங்க."

டாக்டர் குனிந்தார். பிளாஸ்திரியைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையை மறுபடி பார்த்தார். பவித்ராவைப் பார்த்தார், பவித்ரா தரையைப் பார்த்தார்.

"எப்ப இருந்து இவர் இப்படி இருக்காரு?"

"வயசாயிருச்சுங்க டாக்டர்..." என்று கௌசல்யா தொடங்கினார்.

"சனிக்கெழம காலைல ஏழு மணிக்கு என்னயக் கேலி பண்ணுனாரு" என்று முத்துப்பேச்சி குறுக்கிட்டார். "கரண்டு எத்தன மணிக்கு வரும், எந்தப் பாத்திக்கு மொதல்லன்னு மகளுக்கு வெவரம் சொன்னாரு. திங்கக்கெழம காலைல பேச்சில்ல. நேத்து மகளத் தெரியல. கண்ணாடி இல்ல, காது மிசின் இல்ல, குடிக்கத் தண்ணியும் இல்ல. ராத்திரி மாத்திரை மட்டும் இருக்கு."

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தார். பெரியவரின் காதருகே வாயை வைத்து, "ஐயா, ஞாயித்துக்கெழமையில இருந்து பின்னோக்கிச் சொல்லுங்க. ஞாயிறு, சனி... அப்பறம்?" என்றார்.

"சனி" என்றார் சடையாண்டி. வெகுநேரம் கழித்து மறுபடி "சனி." அப்புறம், "மோட்டார நிறுத்து."

டாக்டர் எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. கௌசல்யாவிடம் சொன்னார்: "இது வயசு இல்லம்மா. மறதி நோயும் இல்ல. அது மாசக்கணக்குல மெதுவா வரும். இது ரெண்டு நாள்ல வந்தது. டெலிரியம்னு சொல்லுவோம். ஒடம்புல ஏதோ ஒண்ணு தாங்க முடியாமப் போறப்ப மூளை தடுமாறும். காரணத்தக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணினா பெரும்பாலும் தெளிஞ்சிருவாங்க. கத்தினா உடனே கவனிச்சிருப்போம். அமைதியா இருந்ததால விட்டுட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் விட்டுட்டேன்" என்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. குளுக்கோஸ் மறுபடி ஏறியது, அளந்து, நிதானமாக. தூக்க மாத்திரையை நிறுத்தி, வலி மருந்தை மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் வடமதுரையிலிருந்து கண்ணாடியும் காது மிஷினும் பல்செட்டும் வந்தன. வாயில் பாதியும் மடியில் பாதியுமாகப் போகாமல், நிமிர்த்தி உட்கார வைத்து மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுக்கக் கௌசல்யாவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மறுநாள் குழாயையும் எடுத்துவிட்டார்கள். பகலில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னார். இதில் எதற்குப் பெரிய மெஷின் வேண்டும், வெளியூர் மருந்து வேண்டும்? நாலு நாள் முன்னாலேயே செய்திருக்கக் கூடியவைதான் அத்தனையும். முத்துப்பேச்சிக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சடையாண்டி கண்ணாடி வழியாக அவரை உற்றுப் பார்த்தார்.

"நீதான் எங்கட்டிலச் சுத்திச் சண்ட போட்டவளாமே?"

"ஆமா அப்பு. நீங்க எந்திரிச்சுத் தடுக்கலியே."

"எனக்கு எங்க தெரியும்? எவனோ என்னய ஒரு லாரில ஏத்தி எங்கிட்டோ கொண்டுக்கிட்டே போனான். எறக்கிவிடுறான்னு கத்துறேன், சத்தம் வெளிய வரல."

முழுதாகத் தெளியவில்லை. சாயங்காலமானால் இன்னும் கொஞ்சம் குழம்பினார். ஆனால் ஆள் திரும்பிக்கொண்டிருந்தார்.

அதே வெள்ளிக்கிழமை இரண்டு காரியம் நடந்தது. பதினொன்றாம் படுக்கையின் பழைய அட்டைத் தாள்கள் போய், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் புதிய தாள்கள் வந்தன. எண்கள் இப்போது ஒன்றுபோல இல்லை. 1,250, 1,320, 1,180 என்று அழகாக ஏறி இறங்கின. டாக்டர் ஃபாயிஸா கீழே அலுவலகத்தில் போய்க் கேட்டதாகவும், "ரெண்டு நாள் ரவுண்ட்ஸ்ல கையெழுத்துப் போட்டது யாரு டாக்டர்?" என்று அவரைத் திருப்பிக் கேட்டதாகவும் சைதூன் சொன்னார். இரண்டாவது, முத்துப்பேச்சிக்கு ஒரு குறிப்பாணை. அழகர் ஸ்டோர் ரூமில் வைத்து வாசித்தார்: "24.07.2024 அன்று பதினொன்றாம் படுக்கை நோயாளியின் சிறுநீர்ப் பையைக் காலி செய்யாமல் பணியில் அலட்சியம் காட்டியுள்ளீர்கள்."

"கையெழுத்துப் போடு. இல்லன்னா நாளைக்கு வராத."

முத்துப்பேச்சி தாளை வாங்கி விரல் வைத்துப் படித்தார். "போடுறேன். ஆனா இது அரைகொறையா இருக்கே."

"என்ன கொற?"

"குத்தஞ் சொன்னா முழுசாச் சொல்லணும்ல. எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைக்கும் ஊத்தல? ஊத்தாதது எம்புட்டு? ஒண்ணும் இல்லியே. பால் சங்கத்துல இப்படி எழுதுனா தூக்கி எறிவாக."

"ஒனக்கு வில்லங்கம் பண்ணாம இருக்க முடியாதா?"

"நீங்கதான் ரெண்டு வரி எழுதுங்களேன். நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

அழகருக்கு அதை முடித்துக்கொண்டு சாப்பிடப் போகவேண்டும். அவள் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். "செவ்வாய் பிற்பகல் 1.30 முதல் புதன் காலை 6.10 வரை. அளவு 240 மில்லி" என்று முத்துப்பேச்சி சொல்லச் சொல்ல எழுதினார். முத்துப்பேச்சி மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிட்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அந்த நாலு நாளைப் பற்றி அந்த மருத்துவமனையின் முத்திரையோடு இருக்கும் ஒரே உண்மையான எண் அதுதான்.

"ஜெராக்ஸ் ரெண்டு குடுங்க."

"எதுக்கு, கண்ணாடி போட்டு மாட்டப்போறியா?"

"ஒண்ணு டாக்டரம்மாவுக்கு. ஒண்ணு பெரியவரு மகளுக்கு."

அழகர் அப்போதுதான் தாளை மறுபடி பார்த்தார். ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டது, அலுவலகத்தில் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். கொடுக்க மாட்டேன் என்றார். குறிப்பாணையின் நகல் பணியாளருக்கு உண்டு என்று தாளின் அடியிலேயே அச்சிட்டிருந்தது. முத்துப்பேச்சி அதையும் விரல் வைத்துக் காட்டினார். ஒன்று கிடைத்தது. இன்னொன்றை எதிர்க் கடையில் எடுத்துக்கொண்டார்.

கௌசல்யா ஜன்னலோரம் நின்று அதைப் படித்தார். ஒருமுறை படித்து, படுக்கையின் புதிய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மறுபடி படித்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதை முத்துப்பேச்சி பார்த்தார்.

"இருநூத்தி நாப்பதுங்களா? இதுல ஆயிரத்து நூத்தி எம்பதுன்னு போட்டிருக்குதே. எங்கய்யனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னேனே..."

"என்ட்ட சொல்லி என்ன தாயி? கீழ ஆபீஸ்ல உக்காந்துருக்காக. அங்க போயிக் கேளுங்க. மெதுவாக் கேக்காதீக."

கௌசல்யா இரண்டு தாளையும் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பிறகு கீழேயிருந்து, நாற்காலி ஒன்று தள்ளப்படும் ஓசையோடு, அவர் குரல் கிளம்பியது. இரண்டாம் மாடியில் முப்பது படுக்கையும் அதைக் கேட்டது. காது மிஷினைச் சரிசெய்துகொண்ட சடையாண்டி, "யாரு, நம்ம பிள்ளையா கத்துது?" என்று கேட்டார்.

"ஆமா அப்பு" என்றார் முத்துப்பேச்சி. "கத்தட்டும்."